தூக்கக் கூடாத கை

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வருகிறவர் யாராக இருந்தாலும் அவர் முன்னால் குறை சொல்லக் கூடாது. ஈஸ்டர் முடிந்து கோவில் சாமியார் ஜெபம் சொல்லி வீடு மந்திரிக்க வரும்போது வீட்டைக் கழுவி, நல்ல நாற்காலி ஒன்றை இரவல் வாங்கிப் போட்டு, பிள்ளைகளுக்குத் தலைவாரி வரிசையாக நிறுத்துவோம். ஒருத்தன் ஜெபம் சொல்வான், ஒருத்தி பாட்டுப் பாடுவாள், கைக்குழந்தைகூட அம்மா கையைச் சேர்த்துப் பிடிக்கத் தோத்திரம் சொல்லும். எப்படி இருக்கிறீர்கள் என்று சாமியார் கேட்டால், தலைக்கு மேல் கூரை ஒழுகிக்கொண்டிருந்தாலும் ஆண்டவர் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம் என்றுதான் பதில். பம்பாயில் இந்த மாட்டுங்கா லேபர் கேம்ப்புக்கு வந்த எங்கள் ஆட்கள் பாஷையைப் பாதி தொலைத்துவிட்டார்கள். இந்த வழக்கத்தை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். இதையும் தொலைத்திருக்கலாம் என்று நான் ஆத்திரப்படுவதற்குக் காரணம் என் அண்ணன் மகன் ஏஞ்சலோ.

ஏஞ்சலோவுக்கு நான் அத்தை. அவனுக்கு ஒன்பது வயது. பிறக்கும்போது மூச்சுத் திணறியதில் மூளையில் அடி. கழுத்தும் இடுப்பும் நிற்காது, கால்கள் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும், வலது கை சதா இறுகி மூடியே கிடக்கும். பேச்சு வராது. ஆனால் காது மட்டும் பாம்புக் காது. அண்ணனும் மைனியும் சண்டை போட்டால், யார் பக்கம் நியாயம் இருக்கிறதோ அவர் பேசும்போது சிரிப்பான். பெரும்பாலும் மைனி பேசும்போதுதான் அந்தச் சிரிப்பு வரும். அண்ணன் ஜிபின் இரண்டு பேரையும் பெரிதாகக் கும்பிட்டுவிட்டு வடாலா டிரக் டெர்மினலுக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவான்.

மைனி ஷைனி கல்யாணமாகி திசையன்விளைப் பக்கத்திலிருந்து வந்தவள். ரோஷக்காரி. அவள் பிள்ளையை யாராவது ‘பாவம்’ என்று சொல்லிவிட்டால் போதும், அந்த ஆளோடு அன்றைக்கே பேச்சு முறிந்தது. அப்படிப் பேச்சு முறிந்த வீடுகள் எங்கள் சந்தில், கல்லி என்போம், நிறைய. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். மைனிக்கு அது ஹால்மார்க் முத்திரை குத்திய பொன். தினமும் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, வகிடு எடுத்துச் சீவி, வெளியே எங்கும் போகாத பிள்ளையை ஊர்வலத்துக்குப் போகிறவன் மாதிரி வைத்திருப்பாள்.

வெளியே போக வழியும் இல்லை. எங்கள் அறை மாடியில் இருக்கிறது. கீழே கரீம் பாட்சாவின் பை தைக்கும் பட்டறை. மேலே ஏற ஓர் இரும்பு ஏணி, ஒரு ஆள் அகலம். ஏஞ்சலோ சின்னப் பிள்ளையாக இருந்தபோது மைனி இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவாள். வளர்ந்த பிறகு அவனை இறக்குவது என்றால், உடம்பு விறைத்துக்கொள்கிற பிள்ளையை மேலே ஒருவர் கீழே ஒருவர் பிடித்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இறக்க வேண்டும்.

இப்படி வீட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாத பிள்ளைகளுக்கு அரசாங்கம் காசு கொடுத்து ஒரு திட்டம் நடத்துகிறது. ஹோம் கேர் என்று சொல்வார்கள். பயிற்சி எடுத்த ஒரு பெண் வாரத்தில் நாலு நாள் காலையில் வீட்டுக்கே வருவாள். கைகால்களுக்குப் பயிற்சி கொடுப்பாள், ஊட்டுவாள், உட்காரப் பழக்குவாள். சயானில் நான் வேலை பார்க்கிற ரத்தப் பரிசோதனை லேபுக்கு வந்த ஒருவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். விண்ணப்பம் போட்டு, நடையாக நடந்து, செருப்பு தேய்ந்து, கடைசியில் சஃபீனா வந்தாள்.

சஃபீனா குர்லாக்காரி. அவள் வாப்பாவுக்கு மேலப்பாளையம். பாதித் தமிழும் பாதி பம்பாய் ஹிந்தியுமாகப் பேசுவாள். வந்ததும் புர்காவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, டீ குடிக்காமல் வேலையில் இறங்க மாட்டாள். தாமதமாக வருவாள், நடுநடுவே போனைப் பார்ப்பாள், அதற்காக மைனியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வாள். ஆனால் ஏஞ்சலோவின் கையைத் தொட்டுவிட்டால் அவள் வேறு ஆள். வெந்நீரில் துணி நனைத்து ஒற்றி ஒற்றி, ஒவ்வொரு விரலாக, தூங்குகிற பூனையை எழுப்பாமல் நகர்த்துவதுபோல் திறப்பாள். முதல் சில மாதங்கள் விரல் திறந்ததும் உடனே மூடிக்கொண்டது. அவளும் அசரவில்லை, அவனும் அழவில்லை.

மாதம் ஒரு முறை வருகிற பிசியோதெரபிஸ்ட், கையை நெற்றிக்கும் நெஞ்சுக்கும் தோளுக்கும் கொண்டுபோகப் பழக்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அதைக் கேட்ட மைனிக்கு முகமெல்லாம் வெளிச்சம். அப்படியானால் சிலுவையே போடப் பழக்கிவிடலாமே என்றாள். சஃபீனாவுக்கு எந்தத் தோள் முதலில் என்று தெரியாது. ஒரு வாரம் தலைகீழாகப் பழக்கிவிட்டாள். மைனி தலையில் அடித்துக்கொண்டு, முதலில் இடது தோள், பிறகு வலது தோள் என்று அவளுக்கே போட்டுக் காட்டினாள். அதைப் பார்த்து ஏஞ்சலோ மூச்சு முட்டச் சிரித்தான்.

இரண்டாவது வருஷம், மார்கழிக் குளிர் என்று பம்பாயில் நாங்கள் ஏதோ சொல்லிக்கொள்கிற நாட்களில் ஒரு காலை, யாரும் பிடிக்காமல் அவன் கை எழும்பியது. ஆடி ஆடி, பாதியில் நின்று, மறுபடி கிளம்பி நெற்றியைத் தொட்டது. அப்புறம் நெஞ்சு. இடது தோளுக்கு எட்டவில்லை, எட்டின மாதிரி ஒரு வீச்சு. அவ்வளவுதான். மைனி தரையில் உட்கார்ந்து அழுதாள். சஃபீனா அன்றைக்கு டீயை மறந்தே போனாள். நான் லேபுக்கு லீவு போட்டுவிட்டு நாள் முழுக்க அவனிடம் சிலுவை போடச் சொல்லிக் கேட்டுக் கேட்டு அவனை ஒரு வழியாக்கிவிட்டேன். அவன் சலிக்கவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் கையைத் தூக்கினான். அவர்கள் வாயைப் பிளப்பதைப் பார்ப்பதில் அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அடுத்த மார்ச்சில் ரிவ்யூ என்றார்கள். திட்டத்தில் இருக்கிற பிள்ளைகளை அலுவலகத்திலிருந்து ஒருவர் நேரில் வந்து பார்ப்பார், அதற்குப் பிறகுதான் மேற்கொண்டு சஃபீனாவை அனுப்புவார்கள். மைனி காதில் ‘பெரிய ஆள் வருகிறார்’ என்பது மட்டும்தான் விழுந்தது. வீட்டைக் கழுவினாள். கரீம் பாட்சாவிடம் குஷன் நாற்காலி வாங்கி ஏணி வழியாக ஏற்ற வைத்தாள். கோவிலில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கும்போது போடலாம் என்று தைத்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையை எடுத்து ஏஞ்சலோவுக்கு மாட்டினாள். இடுப்பு நிற்பதற்கு அவன் முதுகுக்குப் பின்னால் தலையணைகளை வைத்து, அவை தெரியாமல் அழகான சால்வை ஒன்றைப் போர்த்தினாள். இது சாமியார் வருகை இல்லை மைனி என்று நான் சொன்னதற்கு, வீட்டுக்கு வாரவங்க முன்னாடி பிள்ளையை அலங்கோலமாவா போட்டு வைப்பாங்க என்று என்னை அடக்கிவிட்டாள்.

வந்தது ஒரு மராத்திப் பெண்மணி. வேர்த்து விறுவிறுத்து ஏணியேறி வந்து உட்கார்ந்தார். நல்ல மனுஷி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரையாவது திட்ட வேண்டும் போல இருக்கிறபோது இந்த மேடம் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் மராத்தியில் கேட்டார், நான் மைனிக்குத் தமிழில் சொன்னேன். உட்காருவானா? மைனி, பாத்தா தெரியலையா, உக்காந்துதானே இருக்கான் என்றாள். தானாகச் சாப்பிடுவானா? சாப்பிடுவான். எப்போதோ ஒருநாள் ஒரு பிஸ்கட்டை வாய்வரைக்கும் கொண்டுபோனதை மனதில் வைத்து அப்படிச் சொன்னாள். சொல்வது புரியுமா? என்னைவிட நன்றாகப் புரியும். கஷ்டப்பட்டுத்தான் செய்வான் என்று நான் இடையில் ஒரு வார்த்தை சேர்க்கப் பார்த்தேன். மைனிக்கு மராத்தி அரைகுறையாகத்தான் தெரியும், ஆனால் என் முகம் அவளுக்கு முழுசாகத் தெரியும். தொடையில் கிள்ளினாள்.

பிறகு அவளே ஏஞ்சலோவைப் பார்த்து, “மக்கா, மேடத்துக்கு சிலுவை போட்டுக் காட்டு” என்றாள்.

அன்றைக்கென்று இடது தோளும் எட்டியது. மேடம் கை தட்டினார். எழுந்து வந்து அவன் கன்னத்தைத் தட்டி, ஹீரோ என்றார். அவன் நாள் முழுக்க அந்த நினைப்பிலேயே சிரித்துக்கொண்டிருந்தான். மைனி சாயந்தரம் கல்லி முழுக்கப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். பேச்சு முறிந்த வீடுகளுக்குக்கூடப் போனாள்.

இதைத்தான் சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். ஒரு மாதம் கழித்து அலுவலகத்திலிருந்து எனக்கு போன் வந்தது. முதலில் வாழ்த்துச் சொன்னார்கள். பையன் நன்றாக முன்னேறியிருக்கிறான், உட்காருகிறான், சொன்னதைச் செய்கிறான், கையைத் தானாகத் தூக்குகிறான். இந்த நிலையில் இருக்கிற பிள்ளைகள் இனி செம்பூர் சென்டருக்கு வந்து பயிற்சி எடுக்க வேண்டும், வீட்டுக்கு ஆள் அனுப்புவது எதுவும் முடியாத பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்றார்கள். நான் ஏணியைப் பற்றிச் சொன்னேன். அவர்கள் ஏணியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை, பிள்ளையைப் பற்றி மட்டும்தான் கேட்கச் சொல்லியிருக்கிறார்களாம். சஃபீனா வந்ததால்தான் கை எழும்பியது, அவள் நின்றுவிட்டால் கையும் நின்றுவிடும் என்றும் சொன்னேன். அந்தப் பக்கம் இருந்தவர், ஃபாரத்தில் அதை எழுதுவதற்கு இடம் இல்லையே மேடம் என்றார். அவரும் நல்லவர்தான். நல்லவர்களாகச் சேர்ந்து ஒரு பிள்ளையை எப்படித் தெருவில் விட முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

செம்பூருக்கும் போய்ப் பார்த்தோம், போகாமல் இல்லை. அண்ணன் மேலே, கரீம் பாட்சா கீழே, நடுவில் ஏஞ்சலோ. பாட்சா ஒவ்வொரு படிக்கும் ஒரு பிஸ்மில்லா சொன்னார். டாக்ஸிக்காரர்கள் பிள்ளையின் விறைப்பைப் பார்த்து, வண்டியில் ஏதாவது ஆகிவிடும் என்று நழுவினார்கள். சென்டர் பளிச்சென்று இருந்தது, சாய்வுப் பாதையெல்லாம் கட்டியிருந்தார்கள். ஆனால் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை துவண்டுவிட்டான். அத்தனை பிள்ளைகளின் சத்தத்தில் உடம்பு இன்னும் முறுக்கிக்கொண்டது. பாயில் கிடந்து கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். இரண்டு பெண்கள் அத்தனை பேருக்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள், இவன் முறை வருவதற்குள் திரும்புகிற நேரம் வந்துவிட்டது. ஜூனில் மழை பிடித்தது. ஏணி வழுக்கியது, ஒரு நாள் பாட்சாவின் கால் தவறி, அண்ணன் கம்பியில் முழங்கையை இடித்துப் பிள்ளையைக் காப்பாற்றினான். அந்த வாரம் ஏஞ்சலோவுக்கு நெஞ்சுச் சளி கட்டி சயான் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். அதோடு செம்பூர் முடிந்தது.

சாண் ஏறினால் முழம் சறுக்கும். மைனி வெந்நீர் ஒற்றினாள், விரல்களைத் திறந்து பார்த்தாள். ஆனால் அவள் தொட்டால் அவன் வலியில் சிணுங்குவான், சிணுங்கினால் அவள் விட்டுவிடுவாள். பெற்றவளுக்கு அந்தக் கல்நெஞ்சு வரவில்லை. கை பழையபடி மூடிக்கொண்டு வந்தது. நகம் உள்ளங்கையில் குத்திப் புண்ணாயிற்று. சிலுவை நெற்றியோடு நின்றது. பிறகு நெற்றிக்கும் எட்டாமல் கன்னத்தோடு நின்றது. யார் வந்தாலும் அவன் கையைத் தூக்கப் பார்ப்பதை மட்டும் விடவில்லை. பாதிவரை தூக்கிவிட்டு எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்ப்பான்.

சஃபீனா வேறு வீட்டுக்கு மாற்றலாகிவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்தவள் அவன் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு மைனியிடம் கோபப்பட்டாள். மறுபடி ரிவ்யூ கேளுங்கள், கேட்டால் வருவார்கள் என்றாள். அப்புறம் தயங்கித் தயங்கி, “அக்கா, இந்தத் தடவை ஷோ காட்டாதீங்க. நல்லா இருக்கான்னு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா கேஸ் கதம்” என்றாள்.

கல்லியில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. குளிப்பாட்டாதே, தலை சீவாதே, மூத்திரத் துணியை அப்படியே போட்டு வை. மைனி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். நான் அவளிடம், உள்ளதை உள்ளபடி சொல்வோம், கை எழும்பியது, இப்போது விழுந்துகொண்டிருக்கிறது, அதுதானே உண்மை என்றேன். அதை எழுத இடம் இல்லை என்று உன்னிடம்தானே சொன்னார்கள் என்று கேட்டாள். 

நான் எழுதிக் கேட்டு வாங்கின ரிவ்யூவுக்கு முந்தின நாள் மத்தியானம் அவள் ஏஞ்சலோவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். ஊட்டி முடித்து வாயைத் துடைத்துவிட்டு, அவன் முகத்தருகில் குனிந்தாள்.

“மக்கா, நாளைக்கு அந்த மேடம் வருவாங்க. கையத் தூக்காத, என்ன. அம்மா சொல்லுதம்லா. தூக்கிராத.”

அவன் சிரித்தான். விளையாட்டு என்று நினைத்திருப்பான். அல்லது மேடம் என்ற சொல்லைக் கேட்டதும் வந்த சிரிப்பாக இருக்கும்.

அதே மேடம்தான் வந்தார். இந்தத் தடவை வீடு கழுவவில்லை, நாற்காலி இல்லை, தலையணை இல்லை. ஏஞ்சலோ பழைய பனியனோடு பாயில் ஒருக்களித்துக் கிடந்தான். தலை சீவாத ஏஞ்சலோவை நான் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். யாரோ வேறு பிள்ளை மாதிரி இருந்தான். மேடம் அவனை அடையாளம் கண்டுகொண்டு, அரே ஹீரோ என்று கூப்பிட்டார். அவன் முகம் மலர்ந்தது.

மறுபடியும் அதே கேள்விகள். இந்த முறை மைனி என்னை எதிர்பார்க்கவில்லை. தனக்குத் தெரிந்த ஹிந்தியில் தானே சொன்னாள். உட்காருவானா? நை. சாப்பிடுவானா? நை. சொன்னால் புரியுமா? இங்கே மைனி ஒரு நொடி நின்றாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். குச் நை சமஜ்தா, என்றாள். எதுவும் புரியாது.

அப்போது அவன் முகத்தை நான் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. பொதுவாக அவன் மனதில் இருப்பது முகத்தில் வர நேரமாகும், வாயும் கண்ணும் ஒன்றோடொன்று இழுத்துக்கொண்டு நிற்கும். அன்றைக்கு உடனே வந்தது. ஒன்பது வருஷமாக அவனுக்கு எல்லாம் புரியும் என்று சண்டை போட்டுச் சொல்லி வந்த வாய் அது.

மேடம் காகிதங்களைப் புரட்டிவிட்டு, போன தடவை கையை மேலே தூக்கினானே என்று கேட்டார். குற்றம் கண்டுபிடிக்கிற குரல் இல்லை, உண்மையான வருத்தத்தோடுதான் கேட்டார். மைனி வாயைத் திறப்பதற்குள் ஏஞ்சலோவின் கை கிளம்பிவிட்டது. அவன் முழு உடம்பையும் அதற்காகச் செலவழித்தான். கழுத்து நரம்பு புடைத்தது, கால் இரண்டும் பின்னிக்கொண்டன, கன்னத்தைத் தாண்டி, புருவத்தைத் தாண்டி, பல மாதமாக எட்டாத நெற்றிக்குக் கை போய்க்கொண்டிருந்தது. தனக்குப் புரியும் என்று அவன் சொல்கிறான், வேறு எப்படிச் சொல்வான்.

மைனி அந்தக் கையைப் பிடித்தாள். பிடித்துக் கீழே இறக்கினாள். அது அவள் பிடியிலிருந்து திமிறி மறுபடி எழும்பப் பார்த்தது. இரண்டு கையாலும் அமுக்கி அவன் தொடையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மேடத்தைப் பார்த்துச் சொன்னாள், இது வலிப்பு வெட்டு வந்து இழுக்கிறது மேடம், அவனாகத் தூக்கவில்லை, அன்றைக்கும் இப்படித்தான் இழுத்தது என்று. சொல்லி முடித்த பிறகும் பிடியை விடவில்லை.  

மேடம் பேனாவை வைத்துவிட்டு அந்தக் கைகளைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எழுதினார். எங்களுக்கு என்ன வேண்டுமோ அதை எழுதிக்கொடுத்துவிட்டு ஏணியில் இறங்கிப் போனார். இந்தத் தடவை அவன் கன்னத்தைத் தட்டவில்லை.

சஃபீனா தீபாவளிக்கு முன்னால் திரும்பி வந்தாள். புர்காவை ஆணியில் மாட்டினாள், டீ குடித்தாள், வெந்நீர் வைத்தாள். விரல்கள் திறந்தன. அவள் கையில் பழைய பழக்கம் பாக்கி இருந்தது, அவன் உடம்பிலும் பாக்கி இருந்தது. உள்ளங்கைப் புண் ஆறியது. ஆனால் கை எழும்பவில்லை. சிலுவை போடு என்றால் மைனி இருக்கிற பக்கம் பார்ப்பான். பார்த்துவிட்டுக் கையைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொள்வான்.

மைனி அவன் காலடியில் உட்கார்ந்து கேட்டுப் பார்த்தாள். இனி தூக்கலாம் மக்கா, மேடம் போயாச்சு, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க என்றாள். அம்மா பொய் சொன்னேன், உனக்கு எல்லாம் புரியும், அம்மாவுக்குத் தெரியும் என்றாள். அவன் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள், கன்னத்தில் அடித்துக்கொண்டாள். அவன் அழவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. பாயில் கிடந்தபடி, அலுவலகத்திலிருந்து வந்திருக்கிற யாரோ ஒருவரைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தான்.

அண்ணன் மைனியைத் திட்டவில்லை. அப்படித் திட்டியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வேற வழி என்ன இருந்துச்சு என்று மட்டும் கேட்டான். வேறு வழி இல்லைதான். ஆனால் அதைச் சொல்லிப் பிள்ளைக்குப் புரியவைக்க முடியுமா?

டிசம்பரில் ஒரு நாள் மைனி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அன்று எனக்கு மத்தியான ஷிப்ட், வீட்டில் இருந்தேன். சஃபீனா ஏதோ ஹிந்திப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே அவன் விரல்களை நீவிக்கொண்டிருந்தாள். நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அவன் கை காற்றில் இருந்தது. நெற்றி, நெஞ்சு, இடது தோள்.  வலது தோளுக்கும் போனது. அதற்கு முன்னால் ஒரு தடவையும் அது வலது தோளுக்குப் போனதில்லை. முழுச் சிலுவை. முடித்துவிட்டு அவன் வாயெல்லாம் சிரிப்பாக எங்களைப் பார்த்தான். அப்போது ஏணியில் மைனியின் செருப்புச் சத்தம் கேட்டது. கை இறங்கித் தொடையோடு ஒட்டிக்கொண்டது.

அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று நானும் சஃபீனாவும் பார்வையாலேயே பேசிக்கொண்டோம். சஃபீனாவுக்கு எதையும் மனதில் வைத்துக்கொள்ள வராது. “அக்கா, நீங்க இல்லாதப்ப தூக்குறான்” என்று சொல்லிவிட்டாள்.

மைனி பையைக் கீழே வைத்தாள். முழுசா போட்டானா என்று கேட்டாள். முழுசாகப் போட்டான் என்றோம். அவனைப் பார்த்தாள், அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கோதுமையை டப்பாவில் கொட்டி, கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, திரும்பவும் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

அதிலிருந்து இதுதான் வழக்கம். சஃபீனா வருகிற நாட்களில், அவள் டீ குடித்து முடித்ததும் மைனி எழுந்து வெளியே போய்விடுகிறாள். ஏணியின் மேல்படியில் உட்கார்ந்து பூண்டு உரிக்கிறாள், அரிசியில் கல் பொறுக்குகிறாள். கீழே பட்டறையில் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும், உள்ளே நடப்பது எதுவும் காதில் விழாது. ஏன் வெளியே உட்கார்ந்திருக்கிறாய் என்று கரீம் பாட்சா ஒரு தடவை கேட்டதற்கு, உள்ளே புழுக்கமாக இருக்கிறது என்றாளாம். வெயில் ஏணியில்தான் நேராக அடிக்கும். பாட்சா ஒரு பழைய குடையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

போன வாரம் நான் வேலைக்குக் கிளம்பிக் கதவைத் திறந்தபோது அவள் எனக்கு வழிவிட்டு ஓரமாக ஒதுங்கினாள். உள்ளே எட்டிப் பார்த்துவிடக் கூடாது என்று முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“தூக்கினானாட்டி?”

“தூக்கினான் மைனி.”

“எப்படிப் போடுதான், சொல்லு.”

நான் ஏணியில் நின்றபடியே என் கையை எடுத்து அவன் போடுகிற மாதிரி, ஆடி ஆடி, பாதியில் நிறுத்தி, மறுபடி கிளம்பிப் போட்டுக் காட்டினேன். அவள் கண்கொட்டாமல் பார்த்தாள். முடிந்ததும், இன்னொரு தரம் காட்டு என்றாள்.